ஊர் தெரியாத மீன்

சின்ன மீனுக்குப் பெயர் தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது நிறத்தை. நான் கடைசியாகப் பார்ப்பது அதைத்தான். செல்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, "அண்ணே, இது என்ன மீன்?" என்று கேட்கிற தம்பிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்று: "எங்க பிடிச்சது?" பாதிப் பேருக்கு எரிச்சல் வரும். மீனைக் காட்டினால் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே, ஊரை எதற்கு விசாரிக்கிறார் இந்த ஆள் என்று நினைப்பார்கள். ஊர் தெரியாமல் பெயர் சொல்கிறவர்களை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன்; அதனால்தான் கேட்கிறேன்.

கொளத்தூருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், இங்கே தெருவுக்குத் தெரு மீன் கடை, மாடிக்கு மாடி தொட்டி. கப்பி, மோலி, ஏஞ்சல், ஃபைட்டர், கோல்டு எல்லாம் இங்கேயும் பொன்னேரிப் பக்கத்துப் பண்ணைகளிலும் பிறந்து வளர்கிறவை. அவற்றுக்கு யாரும் பெயர் தேட வேண்டியதில்லை. என் சரக்கு வேறு. அசாம், வட வங்காளம் பக்கம் வாய்க்காலிலும் வயல் குட்டையிலும் வலை போட்டுப் பிடித்த சின்ன மீன்களைக் கொல்கத்தா வழியாக வரவழைத்து விற்கிறேன். பெரும்பாலும் விரல் நீளத்தைத் தாண்டாதவை. ஆக்சிஜன் அடைத்த பைகள், தெர்மாகோல் பெட்டி, மேலே ஒட்டிய பில். பில்லில் இருக்கும் பெயர் ஒன்று, பைக்குள் இருக்கும் மீன் இரண்டு மூன்று வகை. இது ஏமாற்று வேலை இல்லை. வலை இனம் பார்த்துப் பிடிப்பதில்லை. பொழுது சாய்ந்த நேரத்தில் வாய்க்கால் கரையில் உட்கார்ந்து பிரிக்கிறவருக்கு ஒரே அளவில் இருக்கிற மீன்களெல்லாம் ஒன்றுதான். இப்படிக் கலந்து வருவதை நாங்கள் 'மிக்ஸ்' என்போம். மிக்ஸில் வருகிற மீன்தான் என் போன்றவர்களின் தூக்கத்தைக் கெடுக்கும்.

வியாபாரப் பெயரை நம்பிப் பயனில்லை. 2006-இல் மியான்மரின் ஷான் மாநிலத்தில் ஹோப்போங் அருகே ஒரு மீன் கிடைத்தது. கருநீல உடலில் முத்து முத்தாகப் புள்ளி, துடுப்பில் சிவப்புக் கோடு. ஏற்றுமதிக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கேலக்ஸி ராஸ்போரா. உலகம் முழுக்க அந்தப் பெயரிலேயே பறந்தது. 2007-இல் டைசன் ராபர்ட்ஸ் அதை விவரித்து புதிய பேரினத்தில் வைத்தார்; அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதை டானியோ பேரினத்துக்கு மாற்றினார்கள். நம் ஜீப்ரா மீனுக்குப் பங்காளி, ராஸ்போரா அல்ல. இன்றைக்கும் கடைக்கு வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் கேலக்ஸி ராஸ்போரா என்றுதான் கேட்கிறார்கள். நானும் எடுத்துக் கொடுக்கிறேன். பில் போடும்போது டானியோ என்று எழுதிவிடுவேன், என் மனநிறைவுக்கு.

தெரியாத மீன் வந்தால் முதலில் அதைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். பயணக் களைப்பில் இருக்கிற மீன் வெளுத்துக் கிடக்கும். அந்த நேரத்தில் பார்ப்பது வீண். ஓரிரு நாள் கழித்து, ஒரு சாண் நீளமும் இரண்டு விரல் அகலமும் உள்ள ஒல்லியான கண்ணாடிப் பெட்டியில் விடுவேன். மீன் திரும்ப இடமிருக்காது; பக்கவாட்டில் தெளிவாகத் தெரியும். தலை இடப்பக்கம் இருக்கும்படி படம் எடுப்பது ஆய்வாளர்கள் வழக்கம். நானும் அப்படியே எடுப்பேன், பழைய படங்களோடு ஒப்பிட வசதி.

பிறகு துடுப்பு. செதில் உள்ள சின்ன மீனின் முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே சதைத் துணுக்கு மாதிரி ஒரு குட்டித் துடுப்பு இருந்தால், அது ஆசியக் கெண்டைக் கூட்டம் இல்லை, பெரும்பாலும் டெட்ரா. எந்த வாய்க்காலில் பிடித்ததாகச் சொன்னாலும், அது யாரோ தொட்டியிலிருந்து கொட்டியது. வாய் மேல்நோக்கி இருந்தால் நீர்மட்டத்தில் இரை தேடுகிற ஜாதி. மீசை இருக்கிறதா, எத்தனை ஜோடி, எவ்வளவு நீளம். உடலின் நடுவே செவுள் மூடியிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு முழுசாக ஓடுகிறதா, பாதியில் நின்றுவிடுகிறதா. ரோஸி பார்ப் வகையறாவில் இந்தக் கோடு பல இனங்களைப் பிரித்துக் காட்டிவிடும். இரண்டு கரும்புள்ளி உள்ள மீன்களை எல்லாம் எங்கள் ஊரில் டிக்டோ என்பார்கள். டிக்டோவுக்குப் பக்கக்கோடு சில செதில்களோடு நின்றுவிடும். அதே புள்ளிகளோடு இருக்கிற ஸ்டோலிக்ஸ்கானாவுக்கு வால்வரை ஓடும். இரண்டு மீனும் ஒரே தொட்டியில் நீந்தினால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாது.

இறந்துபோன மீன் இருந்தால் இன்னும் ஒரு வேலை செய்யலாம். முதுகுத் துடுப்பில் முன்னால் இருக்கும் கிளை பிரியாத கதிர்களில் கடைசியானதைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். பின்பக்கம் ரம்பப்பல் மாதிரி இருந்தால் ஒரு கூட்டம். வழுவழுவென்று இருந்தால் இன்னொன்று. ஒரு காலத்தில் நம் நாட்டுச் சின்னப் பார்ப்கள் எல்லாம் புண்டியஸ் என்ற ஒரே மூட்டைக்குள் கிடந்தன. இலங்கையின் ரோஹன் பெத்தியாகொடவும் கூட்டாளிகளும் 2012-இல் அந்த மூட்டையைப் பிரித்துப் பெத்தியா, டாக்கின்சியா என்று தனித்தனியாக அடுக்கியபோது பார்த்த அடையாளங்களில் இந்த ரம்பப்பல்லும் ஒன்று. பெத்தியாவுக்கு உண்டு, டாக்கின்சியாவுக்கு இல்லை. அதே வரிசையில் ஹாலுதாரியா என்றொரு பேரினம் வருகிறது. நாங்கள் மெலன் பார்ப் என்று விற்கும் மீன் அதில் சேரும். கங்கை மீன்களைப் பற்றி 1822-இல் நூல் வெளியிட்ட ஹாமில்டனுக்குப் படம் வரைந்து கொடுத்த ஹாலுதார் என்ற வங்காள இளைஞனை நினைத்து வைத்த பெயர் அது. இருநூறு வருடத்துக்கு முந்தைய ஓர் ஓவியனின் பெயர் மேற்குத் தொடர்ச்சி மலை மீன்மேல் ஏறியிருப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மீனைப் பார்த்து ஒழுங்காக வரைகிறவனுக்கு வேறு என்ன மரியாதை செய்ய முடியும்?

இத்தனை பார்த்தும் பிடி கொடுக்காத மீன்கள் உண்டு. என்னை அதிகம் அலைக்கழித்தது ஒரு ஸ்கார்லெட் பாடிஸ் சரக்கு.

ஸ்கார்லெட் பாடிஸ், அறிவியல் பெயர் டாரியோ டாரியோ, ஹாமில்டன் 1822-லேயே பதிந்த மீன். ஆண் இரண்டு சென்டிமீட்டர் அளவுதான். உடலெங்கும் சிவப்புப் பட்டை, கண்ணைப் பறிக்கும். பெண்ணோ சாம்பல் நிறத்தில், ஏதோ குஞ்சு மீன் என்று தோன்றும். பிடிக்கிறவர்கள் சிவப்பாக இருப்பதை மட்டும் பொறுக்குவதால் பைக்குப் பை ஆண்களே வரும். வாங்குகிறவர்கள் எல்லோரும் கேட்பது, "ஜோடி கிடைக்குமா?" பெண் கிடைத்தால் ஆணைவிட அதிக விலை கொடுக்கத் தயார். அந்தச் சரக்கில் சிவப்பு ஆண்களோடு மங்கலான பழுப்பு மீன்கள் ஒரு கை நிறைய இருந்தன. தொட்டி கழுவுகிற பையன் துள்ளிக் குதித்தான்: "அண்ணே, பொண்ணுங்க வந்திருக்கு!"

எனக்குச் சந்தேகம். தலை கொஞ்சம் தடித்திருந்தது. பக்கவாட்டில் மங்கிய பட்டைகள். மறுநாள் காலையில் பார்த்தால் பட்டை இல்லை, உடல் கருத்துக் கிடந்தது. விளக்கைப் போட்டுச் சற்றுநேரத்தில் மறுபடி பட்டை. கருமணல் தொட்டியில் விட்டவை ஒரு நிறம், வெறும் கண்ணாடியில் இருந்தவை வேறு நிறம். டாரியோவுக்குப் பங்காளியான பாடிஸ் பேரினத்து மீன்கள் நொடியில் நிறம் மாறும். வெளிநாட்டில் பச்சோந்தி மீன் என்றே ஒரு பெயர் உண்டு. நிறத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் இந்த வழக்கு நிற்காது.

வாடிக்கையாளர் ஒருவர் செல்பேசிச் செயலியில் படத்தைப் போட்டுப் பார்த்து, "ஆப்பே சொல்லுது சார், ஃபீமேல்தான்" என்றார். அந்தச் செயலி பார்த்தது பழுப்பு நிறத்தை. அவருக்கு நான் ஒன்றும் விற்கவில்லை. பொறுத்திருந்து வாங்குங்கள் என்றேன். அவர் வேறு கடைக்குப் போனார்.

காலத்தைப் போல மலிவான கருவி எங்கள் தொழிலில் கிடையாது. இந்த ஜாதி மீன்கள் உலர் தீனியைத் தொடாது. அசைகிற இரைதான் வேண்டும். ஆர்ட்டீமியாக் குஞ்சு, மொய்னா, பிறகு புழு என்று கொடுத்து வளர்த்தேன். தொட்டியில் பாசிக் கொத்தும் போட்டேன், உடைந்த மண்சட்டித் துண்டுகளைக் கவிழ்த்தும் வைத்தேன். இரண்டையும் வைத்ததற்குக் காரணம் உண்டு. டாரியோ ஆண் இடத்துக்குச் சண்டை போடுமே தவிர, முட்டையைச் செடிகளுக்குள் சிதறவிட்டுப் போய்விடும், அதன்பின் கவனிக்காது. பாடிஸ் அப்படியில்லை. பொந்துக்குள் முட்டையிடும், ஆண் வாசலில் நின்று காவல் காக்கும், துடுப்பால் விசிறும். 2002-இல் குல்லாண்டரும் பிரிட்ஸும் இந்தக் குடும்பத்தையே திருத்தி எழுதி டாரியோவைத் தனிப் பேரினமாக்கினார்கள். அருங்காட்சியகத்தில் எலும்பும் செதிலும் பார்த்து அவர்கள் பிரித்ததை, மண்சட்டி வைத்து நான் பார்க்க முடியும் என்று தோன்றியது.

முதலில் அளவே பேசியது. ஸ்கார்லெட் ஆணின் நீளத்தை அந்தப் 'பெண்கள்' தாண்டின. அதுவே போதுமான பதில். டாரியோவில் பெண் ஆணைவிடச் சிறியது. பிறகு அவற்றில் ஒன்று ஓட்டுத் துண்டுக்கு அடியில் குடியேறி, பக்கத்தில் வந்தவற்றை விரட்ட ஆரம்பித்தது. உடல் கருநீலமாகி முதுகுத் துடுப்பு விரிந்து நின்றது. ஒருநாள் டார்ச் அடித்துப் பார்த்தபோது ஓட்டின் உள்பக்கம் முட்டைகள் ஒட்டியிருந்தன, அவர் விசிறிக்கொண்டிருந்தார். பெண் என்று வந்த மீன் அப்பாவாகிவிட்டது. பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. நல்ல விலை போயிருக்க வேண்டிய சரக்கு.

பாடிஸ் என்பது தீர்ந்தது. எந்தப் பாடிஸ்? அங்கேதான் முட்டுச் சந்து. வடகிழக்கில் மட்டும் அந்தப் பேரினத்தில் ஒன்றுக்கொன்று ஒட்டிய இனங்கள் பல. செவுளுக்குப் பின்னால் தோள் எலும்பின்மேல் கரும்பொட்டு இருக்கிறதா, செவுள் மூடியின்மேலேயே இருக்கிறதா, வால் அடியில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். என் மீனுக்குத் தோளில் இருந்தது. அது பாடிஸ் பாடிஸ் பக்கம் சாய்கிறது. ஆனால் சாய்கிறது என்பது வேறு, அதுதான் என்பது வேறு.

கொல்கத்தாவில் எனக்குச் சரக்கு அனுப்புகிறவருக்குப் போன் போட்டேன். "தாதா, எந்த ஊர்ல பிடிச்சது?" அவர் சிரித்தார். "நல்ல மீன்தானே, உயிரோட வந்துச்சுல்ல?" என்றார் இந்தியில். ஊர் சொன்னால் அடுத்த தடவை நான் நேராக அங்கே ஆள் வைத்துவிடுவேன் என்ற பயம் அவருக்கு. தொழிலில் இது நியாயமான பயம். விடாமல் கேட்டு, நேரடியாக வாங்க மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகு, ஜல்பாய்குரிப் பக்கம் என்று சொன்னார். எந்த வாய்க்கால் என்று அவருக்கே தெரியாது. தொட்டியில் ஒட்டிய சீட்டில் 'பாடிஸ் எஸ்பி., ஜல்பாய்குரி' என்று எழுதினேன். எஸ்பி. என்றால் பேரினம் தெரியும், இனம் உறுதியில்லை என்று பொருள். ஸ்கார்லெட் விலையில் பாதிக்குத்தான் போயிற்று. வாங்கியவர்கள் இன்னும் என்னிடம்தான் வருகிறார்கள்.

ஊருக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்டு என்று கேட்கலாம். இரண்டு மீன்களின் கதை போதும். உடலில் கோட்டுக்குப் பதில் புள்ளி வைத்த லெப்பர்டு டானியோவைப் பார்த்திருப்பீர்கள். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாமல் தொட்டிகளில் உலவியது. தொட்டி மீனை வைத்தே 1963-இல் மைங்கென் அதற்குத் தனி இனமாக ஃபிராங்கெய் என்று பெயர் சூட்டினார். எந்த ஆற்றிலும் அதைக் காணோம். கடைசியில், அது ஜீப்ரா டானியோவின் மரபணு மாறிய வடிவம் என்று தெரிந்தது. ஊர் இல்லாமல் வைத்த பெயர் நிற்கவில்லை. இன்னொன்று ஒடெசா பார்ப். ஆண் மீனின் பக்கவாட்டில் ரத்தச் சிவப்புப் பட்டை. 1970-களில் ஒடெசா நகரச் சந்தையிலிருந்து பரவியது என்பார்கள். ஊர் பெயரே மீன் பெயராயிற்று. பல பத்தாண்டுகள் உலகமே இனப்பெருக்கம் செய்தது. டிக்டோ என்றார்கள், ஸ்டோலிக்ஸ்கானா என்றார்கள். அதன் சொந்த ஊர் மியான்மர் என்று தெளிவான பிறகுதான் 2008-இல் குல்லாண்டரும் பிரிட்ஸும் பதமியா என்று முறையாகப் பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் இன்றும் நிற்கிறது.

நம் பக்கத்திலும் இதே கூத்து. அருளியஸ் பார்ப் என்று கடைகளில் விற்பது பெரும்பாலும் அருளியஸ் இல்லை. ஜெர்டன் 1849-இல் விவரித்த அருளியஸ் காவிரி மீன். முதுகுத் துடுப்பில் நூல் நூலாக நீண்டு தொங்கும் கதிர்களோடு கடையில் நிற்கிறதே, அது பொதுவாகச் சைலஸ் 1954-இல் பிரித்துக் காட்டிய தாமிரபரணி மீன். மிஸ் கேரளா என்ற பெயரில் போவதும் இரண்டு இனம்: ஒன்று டெனிசன் பார்ப், மற்றது 1999-இல் விவரிக்கப்பட்ட சாலக்குடி இனம். டெனிசன் பார்ப் அழியும் நிலையில் உள்ளது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டிருக்கிறது. பண்ணைக்காரர்களோடு எனக்குச் சண்டை வருவது இங்கேதான். காவிரி மீனையும் தாமிரபரணி மீனையும் ஒரே தொட்டியில் விட்டு, குஞ்சு வந்தால் சரி என்று இருப்பவர்கள் உண்டு. கலப்புக் குஞ்சு இரண்டு தலைமுறை தாண்டினால் எந்த ஆய்வாளராலும் அதைப் பிரித்துச் சொல்ல முடியாது. தாய் மீன் எந்த ஆற்றிலிருந்து வந்தது என்று தொட்டியில் எழுதி ஒட்டாத பண்ணையில் நான் சரக்கு எடுப்பதில்லை.

டாரியோவே வடக்கத்திய மீன் என்று நாங்கள் நம்பியிருந்தோம். 2012-இல் மேற்குத் தொடர்ச்சி மலையில், தென் கர்நாடகத்து ஓடையிலிருந்து வால் அடியில் கரும்பொட்டு வைத்த டாரியோ யூரோப்ஸ் வந்தது. 2015-இல் கர்நாடகத்திலிருந்தே டாரியோ ஹுலி. 2018-இல் வயநாட்டிலிருந்து டாரியோ நீலா. 2015-இல் பாடிஸ் பிரிட்ஸி, ஷராவதி ஆற்றுப் பக்கம். எல்லாம் கட்டைவிரல் அளவுகூட இல்லாதவை. இவற்றில் எதுவாவது யாருடைய மிக்ஸ் பையிலாவது முன்பே வந்து, 'குஞ்சு மீன்' என்று மற்ற மீனுக்கு இரையாகப் போயிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

அதனால் இப்போது என் கடையில் ஒரு பழக்கம். பெயர் பிடிபடாத மீன் செத்தால் குப்பைக்குப் போகாது. உயிரோடு எடுத்த படம் முக்கியம், செத்தபின் நிறம் நிற்காது. துடுப்பின் ஓரத்தைக் கத்தரித்துச் சுத்தமான ஆல்கஹாலில் ஒரு குப்பி. மரபணு பார்க்க அது வேண்டும், ஃபார்மலின் மரபணுவைக் கெடுத்துவிடும். மீன் முழுசாகப் பத்துச் சதவீத ஃபார்மலினில் இன்னொரு குப்பி. இரண்டிலும் ஒரே எண், தேதி, ஊர். சீட்டைப் பென்சிலில் எழுதி குப்பிக்குள்ளேயே போட வேண்டும். பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. ஆய்வாளரிடம் குப்பியைக் காட்டினால், அவர் முதலில் பார்ப்பது மீனை அல்ல, சீட்டை. ஊர் எழுதாத குப்பியை அங்கே யாரும் மதிப்பதில்லை.

வீட்டில் தொட்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல இரண்டு உண்டு. வாங்கும்போது ஆற்றின் பெயரையோ ஊர் பெயரையோ பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் முனகுவார், கேட்டுக்கொண்டே இருந்தால் எழுதுவார். அவர் தனக்கு மேலே இருப்பவரைக் கேட்பார். அடுத்தது, வேண்டாத மீனைப் புழல் ஏரியிலோ ரெட்டேரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். சக்கர் மீன் நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடப்பது அப்படி விட்டதால்தான். ஜல்பாய்குரி மீனைப் புழலில் விட்டால், நாளைக்கு அங்கே வலை போடுகிற மாணவர் அதைப் புழல் மீன் என்று எழுதி வைப்பார். தேவையில்லை என்றால் கடைக்கே திருப்பிக் கொண்டு வாருங்கள். நான் வாங்கிக்கொள்கிறேன், என் பக்கத்துக் கடைக்காரர்களும் வாங்கிக்கொள்வார்கள்.